டைப் அடிக்காத வரி

அவளைத் தெருவில் எல்லோரும் ஹெட்போன் என்றுதான் சொல்வார்கள். காய் வாங்கக் கடைக்கு வந்தாலும் கழுத்தில் அது தொங்கிக்கொண்டிருக்கும். கழற்ற மறந்துவிடுவாள். "என்ன ஹெட்போன், நான் பேசுறது கேக்குதா?" என்று கடைக்காரர் கிண்டல் பண்ணினால், வெட்கத்தோடு கழற்றிப் பைக்குள் திணித்துக்கொள்வாள்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ரொட்டி ஃபேக்டரியில் எனக்கு எப்போதும் காலை ஷிப்ட். மதியம் திரும்பியதும் கால் நீட்டி உட்கார ஒரு இடம் வேண்டும், ஒரு டீ வேண்டும். இரண்டும் அவள் வீட்டில் கிடைக்கும். பதிலுக்கு நான் ஓரம் கருகிய ரொட்டிகளைக் கொண்டுபோவேன். ஃபேக்டரியில் அவற்றை விற்க மாட்டார்கள். அவளுடைய மாமியாருக்கு அந்தக் கருகல்தான் பிடிக்கும்.

அவள் செய்த வேலையை எனக்குப் புரியவைக்க அவளுக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும், என்ன பார்த்தோம், என்ன மருந்து கொடுத்தோம் என்று வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அதைக் காதால் வாங்கி இவள் டைப் அடித்து அனுப்ப வேண்டும். மேசைக்கு அடியில் தையல் மெஷினுக்கு இருப்பதுபோல் சின்னதாக ஒரு பெடல். அழுத்தினால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் அமுக்கினால் பின்னால் போகும். பாதிக்கு மேல் இப்போது மெஷினே கேட்டு எழுதிவிடுகிறதாம். வாயில் சாப்பாட்டோடு பேசுகிற டாக்டர், கொட்டாவி விட்டுக்கொண்டே பேசுகிற டாக்டர், ஃபேன் சத்தத்தில் முணுமுணுக்கிற டாக்டர், இவர்கள்தான் மனுஷியிடம் வருவார்கள். "மெஷின் கைவிட்ட கேஸெல்லாம் எனக்குத்தான் அக்கா" என்பாள்.

வேலை நேரத்தில் அறைக்கதவு சாத்தியிருக்கும். ஒரு நாள்கூடச் சத்தத்தை வெளியே விட்டு நான் கேட்டதில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று நான் கத்தினாலும், திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்து வருவாள். பால் பாதி போயிருக்கும். "என்னமோ பேங்க் லாக்கர் மாதிரி பூட்டிப் பூட்டி வைக்கிறா" என்று மாமியார் முகத்தைச் சுளிப்பார். "யாருக்கோ மூலம் வந்தா நமக்கென்ன, நாம என்ன ஊர்ல போய்ச் சொல்லவா போறோம்?"

"அந்த யாரோ ஒருத்தர் நீங்களா இருந்தா அத்தை?" என்பாள் இவள்.

"எனக்கு ஏன்டி மூலம் வருது?" என்று அந்தம்மா சண்டைக்கு வருவார். நாங்கள் சிரிப்போம்.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட்காரர் என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நடுமாடியில் லிஃப்ட் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "உக்காந்துக்கங்க, காத்து வருது, நான் இங்கதான் இருக்கேன்" என்று பேசிப் பேசியே உள்ளே அழுகிறவர்களைச் சமாதானம் பண்ணிவிடுவார். நல்ல மனிதர். வீட்டில் மட்டும் சட்டென்று சூடாகிவிடுவார்.

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். பகலில் அவளுக்கு, சாயங்காலம் எல்லோருக்கும். பாஸ்வேர்டு மாமியாருக்குக்கூடத் தெரியும். கம்பெனி வேலையெல்லாம் கம்பெனியுடைய இணையப் பக்கத்துக்குள்ளேயே நடக்கும். வேலை முடிந்து வெளியே வந்துவிட்டால் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்து மிஞ்சாது. அப்படித்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அது உண்மையாகவும் இருந்தது, ஒரு காலம் வரைக்கும்.

மழை தொடங்கிய சமயத்தில் கம்ப்யூட்டரில் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரர் உட்கார்ந்து அதைப் போட்டார். முடிந்ததும் அது ஏதேதோ கேட்டது, இவர் எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்தார். யார்தான் படிக்கிறோம்? அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு ஞாபகசக்தி வந்துவிட்டது. திரையில் என்ன வந்தாலும் அது பார்த்து வைத்துக்கொள்ளும். பிறகு நாம் கேட்டால் எடுத்துக் காட்டும். 'போன மாசம் பார்த்த வயரிங் படம்' என்று இவர் கேட்டார், அடுத்த நிமிஷம் அது வந்து நின்றது. மாமியார் எப்போதோ பார்த்த ஒரு ஸ்வெட்டர் பின்னலை, 'அந்தப் பச்சை, கழுத்துல பூ போட்டது' என்று வாயால் கேட்டார். அதையும் காட்டியது. "நம்ம வீட்டு மனுஷங்களுக்கு இந்த ஞாபகம் இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்!" என்றார் அந்தம்மா. நானும் அங்கே இருந்தேன், நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். அவள் அப்போது மொட்டைமாடியில் நனையப்போகிற துணிகளை அள்ளிக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரருக்கு ஒரு தங்கை. நான் சின்னவள் என்று கூப்பிடுவேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அந்தக் கடைக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற பட்டறையிலிருந்து ஒருவன் டிரேக்களில் லென்ஸ் அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துபோவான். ஒல்லியான ஆள், மெதுவாகப் பேசுவான். கண்ணாடியைக் கண்டதும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற பழக்கம். அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சின்னவள் வீட்டில் சொன்னாள். லிஃப்ட்காரர் விசாரித்தார், ஒரு குறையும் தெரியவில்லை. மாமியாருக்குத்தான் ஒரு குறை. "பஸ்ல வர்றான்டி. இந்தக் காலத்துல பைக் இல்லாத மாப்பிள்ளையா?"

அவன் முதல்முறை வீட்டுக்கு வந்தபோது நல்ல மழை. நானும் அங்கே இருந்தேன். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, ஈரக் காலோடு உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றான். அவள்தான் துண்டு எடுத்துக் கொடுத்தாள். முட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுச் சமைத்திருந்தாள். லிஃப்ட்காரர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"மாப்பிள்ளை, என் பழைய பைக்கு சும்மாதான் நிக்குது. இஞ்சின் புலி மாதிரி. எடுத்துக்குங்க. ஓட்டத் தெரியலன்னா நான் கத்துத்தர்றேன்."

"இல்லண்ணே, பரவாயில்ல. எனக்கு பஸ்ஸே பழகிடுச்சு."

"என்ன பஸ்ஸு! என் தங்கச்சிய நனையவிட்டா கூட்டிட்டுப் போவீங்க? நான் பெயின்ட் அடிச்சே தர்றேன்."

"விடுங்களேன்" என்றாள் அவள், பாத்திரத்தை எடுத்துக்கொண்டே. "வேணாம்ங்கிறவர போட்டு ஏன் படுத்துறீங்க?"

"நீ சும்மா இரு. என் பைக்கு, என் மாப்பிள்ளை."

"வேணாம்னா விட்டுடுங்க" என்றாள் மறுபடியும். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவன் மட்டும் தட்டைப் பார்த்தான். அவன் போன பிறகு மாமியார் என் காதில் வந்து சொன்னார்: "பாத்தியா, ஒரு ஓட்டை பைக்கக் கொடுக்கக்கூட இவளுக்கு மனசு வரல."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எல்லாம் வெளியே வந்த பிறகுதான் அவள் எனக்குச் சொன்னாள்.

அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரு பதிவு வந்திருக்கிறது. நரம்பு டாக்டர், முணுமுணுப்பு ஆசாமி. முதலில் ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், இவள் டைப் அடித்துக்கொண்டே போனாள். வயது. வலிப்பு, சின்ன வயதிலிருந்து. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது, சில வருஷங்களாக வரவில்லை. மாத்திரையின் பெயர், அளவு. பிறகு டாக்டர் சொன்னார்: லென்ஸ் பட்டறையில் வேலை. சீக்கிரம் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறார். கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணும் கூட வந்திருந்தார், கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர். அவருக்கு எல்லாம் விளக்கிச் சொல்லப்பட்டது. பெண் வீட்டாரிடம் தானே நேரில் சொல்லப்போவதாகச் சொல்கிறார்.

அவள் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டாள். மருந்து அளவு வரைக்கும் டைப் அடித்தாகிவிட்டது. அதற்கப்புறம் கேட்டதை அடிக்கவில்லை. தெரிந்தவர் கேஸ் வந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்பது அவர்கள் கம்பெனிச் சட்டம். 'எனக்குத் தெரிந்தவர், வேறு ஆளிடம் கொடுங்கள்' என்று எழுதி அனுப்பிவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாளாம். சின்னவளிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. தேதி வாங்க மாப்பிள்ளையின் அடையாள அட்டைப் படம் வேண்டும். சின்னவள் அனுப்பியிருந்தாள், எங்கே இறக்கி வைத்தோம் என்று லிஃப்ட்காரருக்கு ஞாபகமில்லை. சாயங்காலம், மின்விளக்கு போடுகிற நேரம். அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாப்பிள்ளையின் பெயரை அடித்தார்.

அடையாள அட்டையும் வந்தது. அதற்கு மேலே இன்னொன்றும் வந்தது. 'இந்தப் பெயர் இங்கும் இருந்தது' என்று, அவள் பாதியில் நிறுத்திய அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்தமாதிரி காட்டியது. பெயர், வயது, நோய், மருந்து.

நான் ரொட்டிப் பையோடு உள்ளே நுழைந்தபோது அவர் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் சமையலறை வாசலில் மாவுக்கையோடு நின்றிருந்தாள். மாமியார் கட்டில் விளிம்பில்.

"இது நீ அடிச்சதுதானே?"

அவள் திரையைப் பார்த்தாள். "இது எப்படி இங்க வந்துச்சு?"

"அத அப்புறம் பேசலாம். நீ அடிச்சதா இல்லையா?"

"அத மூடுங்க முதல்ல. அக்கா நிக்கிறாங்க."

"ஊரே நிக்கட்டும்! என் தங்கச்சிக்கு வலிப்பு வர்றவன கட்டி வைக்கப் போறோம், அது உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே அவனுக்கு துண்டு எடுத்துக் குடுத்திருக்க, முட்டை வெச்சிருக்க!"

"எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லக் கூடாது."

"யார்கிட்ட? என்கிட்டயா?"

"யார்கிட்டயும்."

"நான் யாரோவா?"

அவள் போய் திரையை அணைத்தாள். மாவு திரையின் ஓரத்தில் அப்பிக்கொண்டது.

மாமியார் ஆரம்பித்தார். "நான் அன்னைக்கே சொன்னேன், ரொம்ப பூட்டுறான்னு. வீட்டுக்குள்ள வந்தவளுக்கு வீட்டு மேல பிடிப்பு வேணாமா? உன் கூடப் பொறந்தவளா இருந்தா வாய மூடிட்டு இருந்திருப்பியா?"

"இருந்திருப்பேன் அத்தை."

"பொய்!"

"அதான் பைக் குடுக்க வேணாம்னியா?" என்றார் லிஃப்ட்காரர். இப்போது குரல் இறங்கிவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. "நான் கத்துக்குடுத்து, அவன் ஓட்டி, பின்னாடி என் தங்கச்சி உக்காந்து, நடுரோட்ல... நீ பாத்துட்டு இருந்திருப்பியா?"

"அவர் வாங்கியிருக்க மாட்டார்."

"உனக்கெப்படித் தெரியும்? அவன் மனசையும் டைப் அடிச்சுட்டியா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். எனக்கு இன்றைக்கும் அந்த முகம் கண்ணில் நிற்கிறது. ஏதோ சொல்ல இருக்கிறது, சொன்னால் எல்லாம் அடங்கிவிடும், ஆனால் சொல்ல மாட்டேன் என்கிற முகம். நான் அதை அழுத்தம் என்று நினைத்தேன். திட்டவும் செய்தேன். "ஏதாவது பேசேன்டி! இப்படி கல்லு மாதிரி நிக்காத" என்றேன். அவள் சமையலறைக்குள் போய் விட்ட இடத்திலிருந்து மாவைப் பிசைய ஆரம்பித்தாள். மாமியார் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்த் தன் தங்கையிடம் பேசினார். பேச்சு நீண்டது.

சின்னவள் வேலை முடிந்து வந்தபோது குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும், "யாருக்கு என்ன?" என்றாள்.

"அவனுக்கு வலிப்பு இருக்கு. தெரியுமா உனக்கு?"

அவள் குடையைக் கீழே வைத்தாள். "தெரியும்."

லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பழக ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டார். சில வருஷமா வந்ததில்ல, ஆனா வரலாம், யோசிச்சுக்கன்னு சொன்னார். நான்தான் டாக்டர நேர்ல பாக்கணும்னு கூடப் போனேன். எல்லாம் கேட்டேன். குழந்தை, வேலை, எல்லாம். இந்த ஞாயித்துக்கிழமை அவரே வந்து உங்ககிட்ட சொல்றதா இருந்தார். எப்படிச் சொல்றதுன்னு தினமும் எங்கிட்ட சொல்லிப் பாத்துட்டு இருந்தார்ண்ணே." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்கு யார் சொன்னது?"

லிஃப்ட்காரர் கம்ப்யூட்டரைக் காட்டினார். நடந்ததைச் சொன்னார். சின்னவள் திரும்பி சமையலறை வாசலில் நின்றவளைப் பார்த்தாள்.

"அண்ணி, நானும் கூடப் போனேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அதச் சொல்லியிருக்கலாமே! இவ்வளவு பேச்சு வாங்கிட்டு நின்னிருக்கீங்க."

"அது திரையில இல்ல" என்றாள் அவள். "நான் டைப் அடிக்கல. என் காதுல மட்டும்தான் இருந்துச்சு. மத்ததெல்லாம் என்னையும் மீறிப் போயிடுச்சு. இதாவது நீயா சொல்ற வரைக்கும் இருக்கட்டும்னு..." முடிக்காமல் கையைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் கடைக்காரர் வந்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தார். "இது வைரஸ் இல்லம்மா. கம்ப்யூட்டர்லயே சேர்ந்து வர்ற வசதி. அப்டேட்ல வந்திருக்கு. அப்பப்ப திரையப் படம் பிடிச்சு, அதுல இருக்கிறத படிச்சு வெச்சுக்கும்."

"நான் திரையப் பூட்டிட்டுத்தான் எந்திரிப்பேன்" என்றாள் அவள்.

"வெளியாள் பாக்காம இருக்கத்தான் பூட்டு. இது உள்ளயே இல்ல இருக்கு?"

"என்னைக்குலருந்து?"

"அப்டேட் போட்ட நாள்லருந்து இருக்கும். ஆரம்பத்துலயே கேட்டிருக்குமே, வேணுமா வேணாமான்னு. யாரோ 'சரி' குடுத்திருக்கீங்க."

லிஃப்ட்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவள் எதையோ மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். அது எனக்குப் புரிய நேரமானது. மழை தொடங்கியதிலிருந்து அவள் டைப் அடித்த அத்தனை மனிதர்களும் அதற்குள் இருந்தார்கள். கருக்கலைப்பு, மனநோய், குடி, புற்று. பெயரோடு, வயதோடு. மாமியார் ஸ்வெட்டர் பின்னல் கேட்ட அதே இடத்தில்.

"அழிச்சுடுங்க."

"அழிச்சுட்டேன். அணைச்சும் வெச்சுட்டேன்."

"போயிடுச்சா?"

"போயிடுச்சுன்னு காட்டுதும்மா" என்றார் அவர். "அடுத்த அப்டேட் வந்தா ஒரு தடவ பாத்துக்குங்க."

அன்று மதியம் அவள் கம்பெனிக்கு எழுதப் போனாள். தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு நோயாளியின் விவரம் வெளியே போய்விட்டது, மற்றவர்களுடையதும் அதில் இருந்தது என்று. லிஃப்ட்காரர் வேலைக்குப் போகாமல் குறுக்கே நின்றார்.

"அழிச்சாச்சு. யாருக்குத் தெரியப்போகுது? நீயா போய் ஏன் மாட்டிக்கிற?"

"அவங்களுக்குத் தெரியணும்ங்க. அவங்கவங்க விஷயம்."

"வேலை போயிடும்."

"போகும்."

"என் மேல இருக்கிற கோவத்துல பண்றியா?"

"இல்ல" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோவம் இருக்கு. ஆனா அதனால இல்ல" என்றாள்.

வேலை போய்விட்டது. சாயங்காலத்துக்குள் கம்பெனியின் பக்கம் அவளுக்குத் திறக்காமல் போனது. ஹெட்போனையும் பெடலையும் துணியால் துடைத்து அட்டைப்பெட்டியில் வைத்து அவளே கூரியரில் போட்டுவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த நாள், "அக்கா, எங்கூட வர்றீங்களா? அவரப் பாக்கணும்" என்றாள். இரண்டு பஸ் மாறிப் போனோம். பட்டறை ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம். வரிசையாகச் சின்னச் சக்கரங்கள் சுழன்றன, மேலே மெல்லிசாகத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தேய்த்த கண்ணாடிப் பொடி பால் மாதிரி வடிந்து வாளியில் இறங்கியது. அவன் சக்கரத்தில் இல்லை. மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தேய்த்த லென்ஸ்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தான். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்தில் நின்றோம்.

"என்னால வந்தது" என்றாள் அவள். "நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா என் மேசையிலருந்துதான் போச்சு. மன்னிச்சுடுங்கன்னு கேக்க வரல. உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்."



"எங்க முதலாளிக்கு நேத்தே சேதி வந்துடுச்சு" என்றான் அவன். "அத்தையோட தங்கச்சி பையன் இவருக்குப் பழக்கமாம். சக்கரத்துல உக்கார வேணாம்னுட்டார். டாக்டர் உக்காரலாம்னு எழுதியே குடுத்திருக்கார். காட்டினேன். 'அதெல்லாம் சரிப்பா, ஏதாவது ஆயிட்டா?'ன்னார். ரொம்ப அன்பாத்தான் சொன்னார்." தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "மடிக்கிற வேலை. யார் வேணா பண்ணலாம்."

"நான் பேசிப் பாக்கவா?"

"வேணாம்!" கோபம் அப்போதுதான் வெளியே வந்தது. "இனிமே எனக்காக யாரும் எதுவும் பேச வேணாம். எல்லாரும் பேசியாச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கி." மூச்சு வாங்கினான். "உங்கள சொல்லலக்கா. ஆனா யார சொல்றது? ஒரு கம்ப்யூட்டரையா? அதுகிட்ட போய் நான் என்ன சண்ட போட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சாரல் முகத்தில் அடிப்பதைத் துடைக்காமல் வந்தாள். அப்போதுதான் அந்தப் பதிவைப் பற்றி, பெடலிலிருந்து காலை எடுத்ததைப் பற்றி எல்லாம் எனக்குச் சொன்னாள். நான் அவளைக் கல்லு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கல்யாணம் நின்றுவிடும் என்று தெரு பேசியது. நிற்கவில்லை. மழை விட்ட பிறகு ஒரு திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். லிஃப்ட்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மாமியார் வரவில்லை; கால் வலி என்றார். சின்னவள் பஸ் போகிற பாதையிலேயே ஒரு அறை பார்த்துக் குடிபோனாள். அவன் இன்னும் மடிக்கிற வேலையில்தான் இருந்தான். வேறு பட்டறை தேடிக்கொண்டிருந்தான்.

அவளை நான் எங்கள் ஃபேக்டரி கவுன்டருக்குக் கூட்டிப்போனேன். ரொட்டி வெட்டிப் பையில் போட்டுக் கொடுக்கிற வேலை. நின்றே இருக்க வேண்டும், முதல் வாரம் கால் வீங்கிவிட்டது. லிஃப்ட்காரர் வீட்டில் அதிகம் பேசாமலிருந்தார். ஒரு நாள் நான் போனபோது, அவர் அவளுக்கு வாளியில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அவள் காலை உள்ளே வைத்தாள்.

புதுசாய்க் கல்யாணமானவர்களைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று லிஃப்ட்காரர்தான் சொன்னார். என்னையும் கூப்பிட்டார்கள். மாமியார் அன்று காலையிலிருந்தே பரபரப்பாக இருந்தார். மேசையின் கூர்முனையில் துணி சுற்றினார். கண்ணாடி டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு எவர்சில்வரை வைத்தார். எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் அந்தம்மாவை என்ன சொல்வது? பயத்தில் செய்கிறார்.

அவர்கள் வந்தார்கள். சோறு, பருப்பு, பொரித்த மீன். எல்லோரும் உட்கார்ந்தோம். அவன் தண்ணீர் குடிக்க டம்ளரைத் தூக்கினான். பேச்சு நின்றுவிட்டது. மாமியார், லிஃப்ட்காரர், நான், எல்லோரும் அவன் கையைப் பார்த்தோம். வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் தானாகப் போய்விட்டது. அவன் பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். சின்னவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் அண்ணி மட்டும் தட்டுகளில் மீன் வைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை.

அவன் மறுபடி டம்ளரைத் தொட்டான். மறுபடி எங்கள் கண் போயிற்று. அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன்.

"அத்தை" என்றான் மாமியாரைப் பார்த்து. "நான் ஒரு விஷயம் சொல்லணும். அண்ணே, நீங்களும் கேளுங்க. முன்னாடியே சொல்றதா இருந்தேன்."

"அதான் தெரியுமேப்பா" என்றார் மாமியார் அவசரமாக. "அதெல்லாம் எதுக்கு இப்ப? சாப்பிடு."

"தெரியும்" என்றான். "நான் சொல்லலையே."

லிஃப்ட்காரர் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"எனக்கு வலிப்பு இருக்கு" என்றான் அவன். குரல் நடுங்கியது. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான் என்று சின்னவள் சொன்னாள், அப்படியும் நடுங்கியது. "முதல் தடவ ஸ்கூல்ல வந்துச்சு. விளையாட்டு மைதானத்துல..." நிறுத்தினான். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் தெரிந்த முகங்கள். தெரிந்த முகங்களிடம் ஒருவன் எதைச் சொல்வான்? அதற்கு மேல் அவனுக்கு வார்த்தை வரவில்லை.

அவள் கரண்டியை வைத்தாள். அவனுக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். எங்கள் எல்லோருக்கும் முந்தியே அதைக் கேட்டவள், மருந்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் அடித்தவள், முகத்தில் அதெல்லாம் எதுவும் இல்லாமல் அவனைப் பார்த்தாள்.

"மைதானத்துலயா? என்ன ஆச்சு?" என்றாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"முதல்ல ஒரு வாசனை வரும்க்கா. ரப்பர் கருகுற மாதிரி. வேற யாருக்கும் வராது, எனக்கு மட்டும். அன்னைக்கு நான் பக்கத்துல இருந்தவன்கிட்ட கேட்டேன், 'ஏதாவது கருகுதாடா?'ன்னு. அவன் இல்லைன்னான். அவ்வளவுதான் ஞாபகம். கண்ண முழிச்சப்ப சுத்தி ஸ்கூலே நின்னுச்சு. வாயில யாரோ ஸ்பூன திணிச்சு ஒரு பல்லு போயிடுச்சு." பல்லைக் காட்டினான். "இது கட்டுன பல்லு. அத மட்டும் யாரும் பண்ணாதீங்க அத்தை. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சா போதும். தானா நின்னுடும்."

"ஒருக்களிச்சு" என்றார் மாமியார், மெதுவாக.

"ஆமா. தலைக்குக் கீழ ஏதாவது வெச்சா நல்லது."

"இது அந்த டாக்டருக்குத் தெரியுமா, வாசனை வர்றது?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"அவர்கிட்ட சொன்னதில்லண்ணே. அவர் கேட்டதில்ல."

"அப்புறம்?" என்றாள் அவள்.

அவன் டம்ளரை எடுத்து மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, சொல்ல ஆரம்பித்தான்.